நிலாவுக்குப் போகாத புடலங்காய்

அந்தக் காலத்தில், கோழியும் கொடியும் மனிதர்களோடு வேலி ஓரம் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த நாளில், புடலங்காய் இப்போது இருப்பதுபோல் நீளமாக இல்லை. ஒரு விரல் அளவுதான். மேலே ஒரு கோடுகூடக் கிடையாது, வெறும் பச்சை. உள்ளே கொஞ்சம் விதை, மிச்சமெல்லாம் காற்று. கையில் வைத்தால் வைத்ததே தெரியாது.

காய் முற்றும் பருவத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். பௌர்ணமி அந்தியில், சூரியன் ஒரு பக்கம் இறங்க, நிலா மறுபக்கம் ஏறுகிற நேரத்தில், பந்தலில் தொங்கும் புடலங்காய்கள் எல்லாம் முனையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு காம்பிலிருந்து கழன்று மெல்ல மேலே போய்விடும். அவசரமே இருக்காது. உலையில் நுரை ஏறுகிற மாதிரி ஏறும். கூரையைத் தாண்டி, பனையைத் தாண்டி, நிலாவைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார்கள். மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். பார்க்க அழகுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் குழம்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

பிஞ்சிலேயே பறித்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. பிஞ்சில் பறித்தால் அப்படியொரு கசப்பு. முற்றட்டும் என்று விட்டால் வானத்துக்குப் போய்விடும். தண்ணீர் ஊற்றி, பந்தல் போட்டு, இலைப்பூச்சிக்குச் சாம்பல் தூவி, கடைசியில் அண்ணாந்து கொட்டாவி விடுவதுதான் மிச்சமா என்று ஊரில் ஒவ்வொருவராகக் கொடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அவரையும் பாகலும் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஒரு வீட்டுப் புறவாசலில் மட்டும் ஒரு புடலங்கொடி மிஞ்சியது. அது சடைச்சியின் வீடு.

சடைச்சிக்கு அந்தப் பூவின்மேல் பைத்தியம். பொழுது சாய்ந்ததும் விரிகிற வெள்ளைப் பூ அது. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, காற்று தொட்டாலே நடுங்கும். காய் கிடைக்காவிட்டால் போகிறது, இந்தப் பூவை யாராவது பிடுங்குவார்களா என்பது அவள் கட்சி. வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணையும் அந்தக் கொடிதான். அதோடு புள்ளிக்கோழி ஒன்று இருந்தது, பந்தலின் நிழலில் கிளறிக்கொண்டே இருக்கும். அடுப்புச் சாம்பலில் படுத்துப் பாதி உடம்பு சாம்பல் நிறமாகவே ஆகிப்போன ஒரு கருப்புப் பூனையும் இருந்தது. பந்தலின் ஓரத்தில் கோழி தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

வேலிக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் வீடு. உலகம்மாள் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். காலையில் பூசணிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால் சடைச்சியை வம்புக்கு இழுக்காமல் போக மாட்டாள்.

"ஏட்டி சடச்சி, நேத்து சாயங்காலம் உன் வீட்டுக் கூட்டு எங்க கூரைக்கு மேல போச்சுட்டி. உப்பாவது போட்டு அனுப்பினியா?"

"போங்க மதினி. உங்க பூசணிக்கொடி என் வேலியைத் தாண்டி வந்து எங்க வீட்டு மண்ணுல காய்ச்சிருக்கு. நான் ஏதாவது சொன்னனா?"

"பூசணி ஊர்ந்துதான போவும். போயி கூட்டிட்டு வந்துரலாம். உன் காயை யாரு போயிக் கூட்டிட்டு வருவா?"

சடைச்சி சிரித்துவிடுவாள். கொடியும் இலையை ஆட்டிச் சிரிக்கும். பிள்ளைகள் நிலாவுக்குப் போவதில் கொடிக்குப் பெருமைதான். ஒவ்வொரு காயையும் அது வாழ்த்தித்தான் அனுப்பியது. நிலாவில் ஒரு பெரிய பந்தல் இருக்கிறது, தன் பிள்ளைகள் எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்குகின்றன, அதனால்தான் நிலா அவ்வளவு குளுமை என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது பருந்து. ஒருநாள் அது பனைமட்டையில் வந்து உட்கார்ந்தது. புள்ளிக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. அதன் குஞ்சுகளை எல்லாம் தூக்கிப்போன பருந்து அது.

"இன்னைக்கு சண்டைக்கு வரல. கொடியில இருக்கிற ஒரு பிஞ்சையும் வானத்துக்கு விடாதியன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றது பருந்து. "ஒரு காயும் நிலாவுக்குப் போய்ச் சேரல. மேகத்துக்கு மேல காத்து காய்ஞ்சு கெடக்கு. அங்க போனதும் சுருங்கி வெடிச்சிருது. வெதையெல்லாம் கடல்ல கொட்டுது. அந்த உப்புத்தண்ணியில என்ன மொளைக்கும்? எத்தனையோ நாளாப் பாக்கேன், மனசு கேக்கல."

"பொய் சொல்லுதான் அக்கா, நம்பாதிய" என்று கோழி கொடியைப் பார்த்துக் கத்தியது. "குஞ்சு திருடுற பய!"

"குஞ்சு திருடுவேன். பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பருந்து போய்விட்டது.

அன்று காற்றே இல்லை, ஆனாலும் கொடியில் ஓர் இலை தானாக உதிர்ந்தது. பிறகு கொடி, "நான் சந்தோஷமால்லா வழியனுப்பிட்டு இருந்தேன்" என்றது. அதைக் கேட்ட கோழி, கொடியின் தண்டோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. வானத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவளுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? கோழிக்கு அது தெரியும்.

அப்போது கொடியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிஞ்சு. தொட்டிக்கு நேர் மேலே, பந்தலின் ஓரத்தில் தொங்கியது. கொடிக்கு வயதாகிவிட்டது, இனி பூக்காது. கொடி சடைச்சியை அழைத்து, "தாயி, இது ஒண்ணுதான் எனக்கு. இதுவும் போயிட்டா இந்தப் பூவை இனி யாரும் பாக்க முடியாது" என்றது.

சடைச்சி பிஞ்சிடம் போய்ப் பருந்து சொன்னதைச் சொன்னாள். பிஞ்சு நம்பவில்லை. அது பிறந்ததிலிருந்து வேறு எதையும் நினைத்ததில்லை. "அவங்களுக்கு வழி தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். பௌர்ணமி எப்போ வருது?" என்றுதான் கேட்டது.

அடுப்படியில் படுத்திருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்தது. "இதுக்கா இவ்வளவு கவலை? மீனை நான் பாக்காத வரைக்கும் எனக்கு மீன் நெனப்பே வராது. அது கண்ணுல நிலாவைக் காட்டாத. தீந்துச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

பூனை சொன்ன யோசனை சடைச்சிக்குப் பிடித்துப்போயிற்று. தென்னங்கிடுகு எடுத்துவந்து பந்தலுக்கு மேலே கூரை வேய்ந்தாள். ஓரத்திலும் தட்டி கட்டித் தொங்கவிட்டாள். வெயிலுக்காகப் போட்ட பந்தலை நிழலுக்குள் வைத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பிஞ்சு வெளுக்கத் தொடங்கியது. கொடியின் இலைகள் மஞ்சளாயின. பிஞ்சு அழவில்லை, சண்டை போடவில்லை. சடைச்சி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "வெளியே இப்போ என்ன நேரம்?" என்று மட்டும் கேட்கும். காலையிலும் அதே கேள்வி, மதியமும் அதே கேள்வி.

உலகம்மாள் வேலி வழியே எட்டிப் பார்த்தாள். எப்போதும்போல் கேலி பேசத்தான் வாயைத் திறந்தாள். பிஞ்சைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இது பந்தலாட்டி? நீ பிள்ளையை வளக்கியா, அடைச்சு வச்சிருக்கியா?"

சடைச்சி அன்றைக்கே கிடுகை எல்லாம் இழுத்துக் கீழே போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். "போனாலும் போவட்டும் மதினி. இப்படி உசிரோட வெளுத்துக் கெடக்கிறதை என்னால பாக்க முடியல."

வெளிச்சம் பட்டதும் பிஞ்சுக்குப் பச்சை திரும்பியது. நிலாவும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டு வந்தது. பிஞ்சு ஒருத்திக்கு மகிழ்ச்சி, மற்ற எல்லோருக்கும் பயம்.

புள்ளிக்கோழிக்கு மனசு சரியில்லை என்றால் மண்ணைக் கிளறும். அன்றைக்குப் பந்தலின் அடியில் கிளறு கிளறு என்று கிளறியது. புழுவுக்காகக்கூட இல்லை. கால் நகத்தில் ஏதோ தட்டியது.

"கொஞ்சம் மெதுவா" என்றது ஒரு குரல்.

கோழி துள்ளிக் குதித்துவிட்டது. பள்ளத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கல் கிடந்தது.

"நீ பேசுவியா?"

"கேட்டா பேசுவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றது கல். "நீங்க பேசுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. மண்ணுக்குள்ள கெடந்தாலும் காது நல்லா கேக்கும். மேல ஒரு பிள்ளை இருக்காமே, நிலாவுக்குப் போவுதாமே. அதுகிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்."

"போவாதன்னு சொல்லப் போறியா? நாங்க எல்லாரும் சொல்லியாச்சு."

"போவாதன்னு சொல்ல நான் யாரு? நான் ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்புனதில்ல. அது போறதுக்கு முன்ன என்னைக் கொஞ்ச நேரம் தூக்கி வச்சுக்கிடுமா? மேல என்னதான் இருக்குன்னு பாத்துட்டா போதும்."

கோழி ஓடிப்போய்ப் பிஞ்சிடம் சொன்னது. பிஞ்சுக்கு ஒரே சிரிப்பு. இத்தனை நாளும் எல்லோரும் அதனிடம் இரு, இரு என்றுதான் கேட்டார்கள். தூக்கு என்று கேட்டது இந்தக் கல் மட்டும்தான். "அதுக்கென்ன, தூக்கிட்டாப் போச்சு. பௌர்ணமி அன்னைக்கு இறக்கி விட்ருவேன், சம்மதமா?" என்றது.

"சம்மதம் மருமவளே" என்றது கல்.

சடைச்சி கல்லைக் கழுவி எடுத்துவந்தாள். வாழைநாரை நனைத்து, கல்லைச் சுற்றிக் கட்டி, மறு நுனியைப் பிஞ்சின் முனையில் வளைத்தாள். அப்போது கல் மெதுவாகச் சொன்னது: "இறுக்கி முடிச்சுப் போடாத தாயி. பிள்ளை போவணும்னா உதறிட்டுப் போற மாதிரி கெட்டு."

சடைச்சியின் கை நின்றது. ஒரு முடிச்சு, ஒரே ஒரு கெட்டி முடிச்சு போட்டால் போதும். பிஞ்சு எங்கும் போக முடியாது. கொடிக்குப் பிள்ளை மிஞ்சும், அவளுக்குப் பூ மிஞ்சும். விரல்கள் இறுக்கத்தான் போயின. வெளுத்துப்போன முகத்தோடு அது நேரம் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. நாரைத் தளர்த்தி, இழுத்தால் உருவிக்கொள்ளும் சுருக்காகப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

கல் அந்தரத்தில் தொங்கியது.

"அது என்னது மருமவளே?"

"வேலி, மாமா."

"அதுக்கு அந்தப் பக்கமும் தரை இருக்கா?"

"இருக்கே. உலகம்மாள் வீட்டுப் பூசணி கெடக்கு பாரு."

"அம்மாடி! இவ்வளவு இடமா!"

காற்று அடித்தது. கல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆடின சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டது. கல் சிரிப்பதை அதுவரை யாரும் கேட்டதில்லை. பூனைகூட எழுந்து வந்து பார்த்தது.

அதன் பிறகு நாள் முழுக்க இரண்டும் பேசிக்கொண்டேயிருக்கும். பிஞ்சு மேகத்தைப் பற்றிச் சொல்லும், கொக்குகள் வீடு திரும்பும் வரிசையைப் பற்றிச் சொல்லும். கல் மண்ணைப் பற்றிச் சொல்லும். மேலே பெய்கிற மழை சத்தம் அடங்கிய பிறகு, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கி வருமாம். இருட்டில் வேர்கள் ஒன்றை ஒன்று தடவித் தடவி வழி கேட்குமாம். நனைந்த விதை 'டப்' என்று வெடிக்கும்போது, பக்கத்தில் இருக்கிற மண்புழு எல்லாம் ஒரு கணம் அசையாமல் நிற்குமாம்.

"என் வெதையும் அப்படி வெடிக்குமா மாமா?"

"மண்ணுல விழுந்தா வெடிக்கும்" என்றது கல். அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

பேச்சு சுவாரஸ்யத்தில் பிஞ்சு ஒன்றைக் கவனிக்கவில்லை. கல்லைத் தாங்கித் தாங்கி அது நீண்டுகொண்டே வந்தது. உள்ளே சதை பிடித்தது. விரலளவு இருந்தது கையளவாகி, கையளவு முழமாகி, முழத்தையும் தாண்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இனி அது பிஞ்சில்லை, காய்.

பௌர்ணமி வந்தது. அந்தி. சூரியன் இறங்கிய பக்கம் இன்னும் சிவப்பு மாறவில்லை. மறுபக்கம் நிலா பெரிதாக, மஞ்சளாக எழும்பியது. சடைச்சி கையில் குடத்தோடு அப்படியே நின்றாள். வேலி ஓரம் உலகம்மாள், வாயைத் திறக்காமல். பனைமட்டையில் பருந்து. கோழி அதைப் பார்த்தும் கத்தவில்லை.

காய் முனையைத் தூக்கியது. கல்லும் கூடவே எழும்பியது. காம்பு லேசாக இளகியது. இவ்வளவு சதை பிடித்த பிறகும் நிலா இழுத்தால் அது போகும் போலத்தான் இருந்தது. கொடி இலைகளை எல்லாம் மூடிக்கொண்டது.

"போயிட்டு வா மருமவளே. உதறு. நான் நல்லா பாத்துட்டேன்" என்றது கல்.

"நான் உதறுனா நீ?"

"விழுவேன். இதுவரைக்கும் விழுந்ததில்ல. அதையும்தான் பாத்துருவோமே."

"விழுந்த பிறகு?"

"கெடப்பேன்."

"அப்புறம் உன்னை யாரு தூக்குவா மாமா?"

கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரும் தூக்க மாட்டார்கள் என்று சொல்லி, போகிற பிள்ளையை நிறுத்தவும் அதற்கு மனமில்லை. சும்மா இருந்தது.

காய் நிலாவைப் பார்த்தது. ஆசை தீரப் பார்த்தது. நிலா பனைக்கு மேலே போய் வெள்ளையாக மாறும் வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தது. பிறகு முனையை இறக்கியது. "இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் போறேன்" என்றது.

இறங்கிய வேகத்தில் கல் தொட்டித் தண்ணீரைத் தொட்டுவிட்டது. தொட்டிக்குள் அப்போது முழு நிலாவும் கிடந்தது. தண்ணீர் சிதறியது. சிதறிய நிலா காயின் உடம்பெல்லாம் தெறித்து, மேலிருந்து கீழாக வழிந்து, வெள்ளை வெள்ளைக் கோடுகளாக அப்படியே ஒட்டிக்கொண்டது.

"மருமவளே," என்று கூப்பிட்டது நனைந்துபோன கல், "இங்கன ஒண்ணு தண்ணிக்குள்ள கெடக்கே. நீ தேடுன ஆளு இதுதானா?"

காய் சிரித்ததா அழுததா என்று யாருக்கும் விளங்கவில்லை. சடைச்சி அழுதாள், அது நன்றாகத் தெரிந்தது. உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுல பூச்சி விழுந்துட்டுட்டி" என்றாள்.

மறுநாளும் காய், "நாளைக்குப் போறேன்" என்றது. அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னது. சொல்லிச் சொல்லியே பழுத்தது. பழுத்துச் சிவந்து, ஒரு காலையில் தானாகப் பிளந்து, விதைகளைத் தொட்டி ஓரத்து ஈர மண்ணில் உதிர்த்தது. கல்லையும் கூடவே இறக்கியது. விழவிடவில்லை, இறக்கியது. புள்ளிக்கோழி அன்று முழுக்க அந்த விதைகளுக்குக் காவல் நின்றது. தின்ன ஆசை இருந்திருக்கும், பாவம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

மழை வந்தது. மண்ணோடு கிடந்த கல் காது கொடுத்துக் கேட்டது. பிறகு, காய்ந்துகொண்டிருந்த கொடியின் வேரில் மெல்லச் சொன்னது: "வெடிச்சிட்டு." அதைக் கேட்ட பிறகுதான் கொடி கண்ணை மூடியது.

அந்தக் கன்றுகள் பூத்துக் காய்த்தன. எல்லாவற்றுக்கும் உடம்பில் வெள்ளைக் கோடு, முனையில் சடைச்சி தளர்வாகக் கட்டிய ஒரு கல். சடைச்சி ஒரு காயை விதைக்கு விட்டுவிட்டு, மற்றதைப் புதுக் கொடிகளிடம் கேட்டுப் பறித்தாள். கசப்பில்லை. விதை முற்றியதும் ஒரு கை அள்ளி, வேலிக்கு மேலே உலகம்மாளிடம் நீட்டினாள்.

"மதினி, பிஞ்சு விட்டதும் முனையில ஒரு கல்லு கெட்டணும், மறந்துராதிய."

"கல்லு எதுக்குட்டி?"

"பேச்சுத்துணைக்கு."

உலகம்மாள் கட்டினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த தெரு. அன்று தொடங்கியதுதான், புடலம்பிஞ்சின் நுனியில் வாழைநாரால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிற இந்தப் பழக்கம். காய் வளையாமல் நேராக வளரத்தான் கட்டுகிறோம் என்று இப்போது சொல்கிறோம். அதுவும் பொய்யில்லை. ஆனால் கல் கட்ட மறந்துபோன ஒரு காயை எங்கேயாவது கண்டால் நின்று பாருங்கள். முனையைச் சுருட்டி மேலே தூக்கி, இன்றைக்கும் அது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இரு என்று சொல்ல அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைத் தூக்கு என்று கேட்கத்தான் யாரும் இல்லை.